6 கிழமையில தேத்தண்ணி நிறமாப் போன பிலிம் டெவலப்பர்: யாழ்ப்பாணத்து வெக்கைக்க மருந்தை எப்பிடி வைக்கிறது?

நிழல்பெட்டி (திருநெல்வேலி):

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீட்டுக் கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கோ. போன வருசம் பெரியப்பான்ர பழைய பென்ராக்ஸ் கே1000 பிலிம் கமெரா ஒண்டை அலுமாரிக்க இருந்து எடுத்தனான், லென்ஸில பூஞ்சணம் பிடிச்சிருந்தாலும் ஷட்டர் நல்லா வேலை செய்யுது, அதோட விசர் பிடிச்சுப்போச்சு. பிலிம் கழுவுறதும் இப்ப வீட்டிலதான். ஆடி லீவுக்கு ரொறன்ரோவில இருந்து வந்த மாமாட்டச் சொல்லி கொடாக் டி-76 (பிலிமில படத்தைத் தெரியப்பண்ணுற டெவலப்பர்த் தூள்) பக்கெற் ரெண்டு எடுப்பிச்சனான், ஒண்டு 3.8 லீற்றர் கரைக்கிறது, மற்றது 1 லீற்றர்.

வந்த உடன ஆசையில பெரிய பக்கெற்றை முழுக்கக் கரைச்சுப்போட்டன். தண்ணி எங்கட கிணத்துத் தண்ணி, சுடவைச்சு எடுத்தது. கரைச்சதை குடிதண்ணி வாற 5 லீற்றர் பிளாஸ்ரிக் கானுக்க ஊத்தி பாத்ரூம் தட்டில வைச்சனான். மேல சீற் கூரை, மத்தியானத்தில உள்ளுக்க நிண்டால் ஆள் அவிஞ்சுபோவான்.

முதல் 4 றோல் வடிவா வந்தது. பிறகு திருவிழா, சொந்தக்காரர் எண்டு 3 கிழமை ஒண்டும் கழுவேல்ல. இப்ப ஆறாம் கிழமை திறந்து பாத்தால் மருந்து பிளேன்ரீ மாதிரி. பரவாயில்லை எண்டு ஒரு எச்.பி.5 கறுப்பு வெள்ளை பிலிம் றோலைப் போட்டன், நெகற்றிவ் வெளிச்சத்துக்குப் பிடிச்சால் அரைவாசி இடத்தில ஒண்டுமே இல்ல. நல்லூர்த் தேர் அண்டைக்கு விடிய 5 மணிக்குப் போய் இடம் பிடிச்சு எடுத்த படமெல்லாம் அதுக்கதான். அழுகைதான் வந்தது.

பிக்ஸரும் (பிலிமில வந்த படத்தை நிலைக்கப் பண்ணுற மருந்து) சரியில்ல. கொழும்பில வாங்கின றப்பிட் பிக்ஸர், கலந்து வைச்ச போத்தலுக்கடியில மஞ்சளா மா மாதிரி படிஞ்சு கிடக்கு, மூடி திறந்தால் மூக்கில ஏறுது.

என்ர கேள்வி இதுதான். வெக்கைதான் பிழையோ? அப்பிடியெண்டால் பிறிஜ்ஜுக்க வைக்கலாமோ? அம்மா மீன் வைக்கிற இடத்தில உதை வைச்சால் என்னையும் உதையும் சேத்து வெளிய எறிவா. மற்ற 1 லீற்றர் பக்கெற்றில அரைவாசியை மட்டும் கரைச்சுப்போட்டு மிச்சத்தை வைக்கலாமோ? இஞ்ச ஒரு பக்கெற் எடுக்கிறதுக்கு ஆள் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கோணும், அதால ஒரு சொட்டும் வீணாக்க விருப்பமில்ல.

குளிர்நாட்டான் (ஸ்காபரோ):

தம்பி கவலைப்படாதேங்கோ, எல்லாருக்கும் ஒருக்கா நடக்கிறதுதான். எனக்கு உந்தப் பிரச்சினையே இல்ல, பேஸ்மென்ற்றில வைச்சிருக்கிறன், அங்க வருசம் முழுக்க 18, 19 பாகைதான். டி-76 ஆறு மாசம் நிக்குது. நீங்கள் பிறிஜ்ஜில வையுங்கோ, இல்லாட்டி அந்த மடிப்பு மடிப்பா அமத்துற அக்கோடியன் போத்தல் ஒண்டு வாங்குங்கோ, காத்தை அமத்தி வெளியேத்திப்போட்டு மூடலாம். அடுத்தமுறை வரேக்க ரெண்டு கொண்டுவாறன் வேணுமெண்டால்.

ஸ்டூடியோ அப்பு (மானிப்பாய்):

தம்பி நிழல்பெட்டி, தேர்ப் படம் போனது எனக்கே கவலையாக் கிடக்கு. நான் 71ல ஸ்டூடியோ ஒண்டில எடுபிடியாச் சேந்து பிறகு சொந்தமா நடத்தினவன், இப்ப கண் தெரியாது, பேரன்தான் நான் சொல்லச் சொல்ல உதை அடிக்கிறான், எழுத்துப்பிழை இருந்தால் அவனைக் கேளுங்கோ.

உம்மட முதல் பிழை வெக்கையில இல்ல, 3.8 லீற்றரையும் ஒரே நாளில கரைச்சதில. நாங்கள் அந்தப் பெரிய பக்கெற்றைக் கரைக்கிறது கலியாணச் சீசனுக்கு, ஒரு கிழமைக்குள்ள முடிஞ்சிடும். மாசத்துக்கு நாலு றோல் கழுவிற ஆளுக்கு உது என்னத்துக்கு? சின்னப் பக்கெற்றைத்தான் முதல்ல உடைச்சிருக்கோணும்.

ரெண்டாவது தண்ணி. எங்கட நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், ஆறு குளத்துத் தண்ணி இல்ல, கிணறுதான். கேத்திலுக்க வெள்ளையா ஓடு பிடிக்குது பாத்தீரே, அதுதான் உம்மட மருந்துக்கையும் போகுது. டெவலப்பர் கலங்கி அடியில வெள்ளையாப் படியும், பிலிமில மண்ணைத் தூவின மாதிரிப் புள்ளி வரும். நாங்கள் செய்தது என்னெண்டால் முதல்நாள் பின்னேரம் தண்ணியை நல்லா 10 நிமிசம் கொதிக்க விட்டு மூடி வைச்சிடுவம், விடிய மேல்த் தண்ணியை மட்டும் அசைக்காமல் சரிச்சு எடுத்து, பஞ்சு வைச்ச புனலில வடிச்சுத்தான் மருந்து கரைக்கிறது. கொதிக்க விட்டால் சுண்ணாம்பு கீழ போகும், தண்ணிக்குள்ள கரைஞ்சிருக்கிற காத்தும் போகும், ரெண்டு வேலை. மாரி காலத்தில அதுவும் தேவையில்ல, முதல் மழையில கூரை கழுவுப்படட்டும் எண்டு விட்டுப்போட்டு, பிறகு வெட்டவெளியில அண்டாவை வைச்சுப் பிடிப்பம், அந்தத் தண்ணி மாதிரி மருந்துக்கு ஒண்டும் வராது. இப்ப பொடியங்கள் கராச்சில பற்றறிக்கு ஊத்துற தண்ணி வாங்குறாங்களாம், அதுவும் நல்லதுதான்.

போத்தல் விசயம். டிஸ்பென்சரியில வாற மண்ணிறக் கண்ணாடிப் போத்தல்தான் நாங்கள் பாவிச்சது. கழுத்துமட்டும் முட்ட ஊத்தோணும். மருந்து குறையக் குறைய உள்ளுக்க போளை போடுவம், ஓம், பொடியள் விளையாடுற கண்ணாடிப் போளைதான், நல்லா கழுவிப்போட்டு. மருந்து மட்டம் திருப்பிக் கழுத்துக்கு வந்திடும். என்ர மூத்தவன் தன்ர போளையெல்லாம் எங்க போச்சுது எண்டு தேடாத இடமில்ல.

வெக்கைக்கு ஒரு மண்பானை வாங்கி, அதுக்கு வெளியால ஈரச் சாக்குச் சுத்தி, ஜன்னலடியில வையும். பானைக்குள்ள கொஞ்சத் தண்ணி, அந்தத் தண்ணிக்க போத்தல். வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் சோளகக் காத்து அடிக்கேக்க உது என்னமாக் குளிரும் எண்டு செய்து பாரும். மாரியில சரிவராது, ஈரக் காத்தில சாக்குக் காயாது, காயாட்டிக் குளிராது. ஆனால் மாரியில வெக்கையும் இல்லைத்தானே.

90க்குப் பிறகு கரண்ட் இல்லாத வருசங்களில மருந்து கிடைக்கிறதே பெரும்பாடு. அப்ப ஒரு போத்தல் டெவலப்பரைக் கண்ணுக்குள்ள வைச்சுப் பாத்தம். ஒவ்வொரு போத்தலிலையும் ஒட்டுத்துண்டில திகதி எழுதி, எத்தினை றோல் போனதெண்டு கோடு கீறி வைப்பம். நீர் உம்மட கானில திகதி எழுதினீரே? எழுதியிருக்க மாட்டீர்.

கையுறை போடும். என்ர பெருவிரல் நகம் இண்டைக்கும் கறுப்பு. எங்களோட வேலை செய்த ஒருத்தருக்கு டெவலப்பருக்க இருக்கிற மெற்றோல் ஒத்துவராமல் கையெல்லாம் வெடிச்சு, கடைசியில தொழிலையே விட்டவர்.

ரசாயன ரீச்சர் (வட்டுக்கோட்டை):

அப்பு சொன்னதில முக்கால்வாசி சரி, ஏன் சரி எண்டதை நான் சொல்லுறன். பள்ளிக்கூடத்தில ஏ.எல் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறனான், பழக்கதோசத்தில நீண்டால் குறை நினைக்காதேங்கோ.

டி-76 ஒரு லீற்றரில இருக்கிறது மெற்றோல் 2 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், பொரக்ஸ் 2 கிராம், சோடியம் சல்பைற்று மட்டும் 100 கிராம். 1927ல கொடாக்கில கப்ஸ்ராஃப் எண்டவர் அமைச்ச சூத்திரம், இண்டைக்கும் அதேதான் எல்லாருக்கும் அளவுகோல். சல்பைற்று ஏன் இவ்வளவு? ஒரு வேலை, காத்தில இருக்கிற ஒட்சிசனோட தான் முதல்ல மோதி மெற்றோல், ஹைட்ரோகுயினோன் ரெண்டையும் காப்பாத்துறது. காவல்காரன் மாதிரி. ஆனால் காவல்காரனும் களைப்பான்.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கோ. 1 லீற்றர் போத்தலில அரைவாசி காத்து எண்டால் 500 மில்லிலீற்றர் காத்து, அதில ஒட்சிசன் 105 மில்லிலீற்றர் மட்டில. அது கிட்டத்தட்ட 1 கிராம் சல்பைற்றைச் சாப்பிடும். மிச்சம் இருக்கிறது 50 கிராம், அப்ப ஒண்டுமில்லைத்தானே எண்டு நினைப்பியள். ஆனால் ஒவ்வொருக்காத் திறக்கேக்கையும் புதுக் காத்துப் போகுது, ஊத்தேக்க சளக்குப் புளக்கெண்டு கலக்குப்படுது, ஹைட்ரோகுயினோனும் பேசாமல் இருக்காது, அதுவும் தாக்கப்படும். இதோட வெக்கை சேந்தால் எல்லாம் கெதியா நடக்கும், 10 பாகை கூடினால் தாக்க வேகம் ரெண்டு மடங்கு எண்டு ஒரு தோராயக் கணக்கு இருக்கு. கொடாக் சொல்லுறது முட்ட நிரப்பி இறுக்கி மூடின போத்தலில 6 மாசம், அரைவாசி போத்தலில 2 மாசம். தம்பியின்ர 6 கிழமை அந்த ரெண்டு மாசத்துக்குக் கிட்டத்தான் நிக்குது. வெக்கை குற்றவாளி இல்ல எண்டு நான் சொல்லேல்ல, கூட்டாளி எண்டு சொல்லுறன்.

பிளாஸ்ரிக்கும் பிளாஸ்ரிக்கும் ஒண்டில்ல. கானுக்கு அடியில முக்கோணத்துக்க இலக்கம் இருக்கும், 2 எண்டால் பொலிஎத்திலீன், அது தண்ணியைப் பிடிக்கும் ஒட்சிசனைப் பிடிக்காது, சுவரால மெல்ல மெல்ல உள்ளுக்க போகும். 1 எண்டால் சோடாப் போத்தல் சாதி, அது பரவாயில்ல. கண்ணாடிதான் திறம். குளிர்நாட்டான் அண்ணை, உங்கட அக்கோடியன் போத்தல் பாக்க வடிவு, ஆனால் அது மெல்லிய மெது பிளாஸ்ரிக், அந்த மடிப்புகளுக்க காத்துக் குமிழும் நிக்கும், கழுவவும் ஏலாது. தம்பிக்குக் கொண்டுவராதேங்கோ, அந்த இடத்துக்கு இன்னொரு பக்கெற் கொண்டுவாங்கோ.

பிறிஜ் வேண்டாம். முதல்க் காரணம் சாப்பாடு, அது ஒண்டே காணும். ரெண்டாவது, குளிரில கரைஞ்சிருக்கிற உப்புகள் பளிங்காப் படியும், திருப்பிச் சூடாக்கிக் கரைச்சாலும் எல்லாம் கரைஞ்சுதோ எண்டு தெரியாது.

பக்கெற்றை அரைவாசி எடுக்கிறது கூடாது. தூள் எல்லா இடமும் ஒரே மாதிரிக் கலந்து இருக்காது, லொறியில குலுங்கி பாரம் கூடினது கீழயும் மற்றது மேலயும் போயிருக்கும். 2 கிராம் மெற்றோல் எந்தப் பாதிக்குப் போனதெண்டு ஆருக்குத் தெரியும்? முழுப் பக்கெற்றையும் கரைச்சு, கரைச்சதைப் பிரிச்சு வையுங்கோ.

பிக்ஸரில இருக்கிற மஞ்சள் கந்தகம். பிக்ஸரின்ர முக்கிய மருந்தான தயோசல்பேற்று அமிலத்தில உடைஞ்சால் கந்தகம் படியும், கந்தகவீரொட்சைட்டு வாயு வரும், மூக்கில ஏறினது அதுதான். வடிச்சுப் பாவிப்பம் எண்டு யோசிக்காதேங்கோ, அது முடிஞ்சுது. செறிவான மருந்தை அப்பிடியே வைச்சு, தேவைக்கு 500 மில்லிலீற்றர் மட்டும் கலவுங்கோ. ஸ்ரொப் பாத்தில (டெவலப்பரை நிப்பாட்டுற புளிக் கரைசல்) இருந்து புளி கூட அள்ளிக்கொண்டு போனாலும் உது கெதியா வரும், அதால பிலிமை நல்லா வடியவிட்டு மாத்துங்கோ.

வெட்டிவேர் (கோண்டாவில்):

சோடாப் போத்தல் 1 நம்பர் எண்டு ரீச்சரே சொல்லுறா, அப்ப பெரிய சோடாப் போத்தல்தான் திறம். அமத்திக் காத்தை வெளியேத்திப்போட்டு மூடலாம், காசும் இல்ல. நான் 2 வருசமா அப்பிடித்தான்.

ஸ்டூடியோ அப்பு (மானிப்பாய்):

வெட்டிவேர், உமக்குப் பிள்ளையள் இருக்கே? எங்கட ஸ்டூடியோவில சாராயப் போத்தலுக்க ஹைப்போ, அதுதான் அந்தக் காலத்துப் பிக்ஸர், ஊத்தி வைச்சிருந்த காலம் ஒண்டு இருந்தது. ஒரு கலியாணத்துக்கு அண்டு இரவு, வீட்டுக்காரற்ற சகோதரம் ஒருத்தர் படம் எடுக்கக் கூப்பிட வந்தவர், நாங்கள் உள்ளுக்க நிக்கேக்க மேசையில இருந்த போத்தலைத் திறந்து ஒரு முடறு வாயுக்க விட்டிட்டார். துப்பினபடியால் தப்பினார். டெவலப்பரா இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு யோசிக்கவே பயமாக் கிடக்கு. அண்டையோட குடிக்கிற போத்தல் எதுவும் டாக்ரூமுக்க வரக்கூடாதெண்டு சொல்லிப்போட்டன்.

ரசாயன ரீச்சர் (வட்டுக்கோட்டை):

அப்புவுக்கு என்ர ரெண்டு கையும். லேபிளைச் சுரண்டினாலும் போத்தலின்ர உருவம் மாறாது, பிள்ளை உருவத்தைத்தான் பாக்கும். வெட்டிவேர், தயவுசெய்து மாத்துங்கோ. பாமசியில சிறப் போத்தல் கேட்டு வாங்கலாம். சீனிப் பிசுக்குப் போகச் சுடுதண்ணியில நாலுதரம் கழுவி, "நஞ்சு" எண்டு சிவப்பில எழுதி, பூட்டுற அலுமாரியில வையுங்கோ.

நிழல்பெட்டி (திருநெல்வேலி):

அப்பு, ரீச்சர், அண்ணை எல்லாருக்கும் பெரிய நன்றி. திகதி எழுதேல்லத்தான், அப்பு எப்பிடிக் கண்டுபிடிச்சாரோ தெரியேல்ல. கானைத் திருப்பிப் பாத்தன், இலக்கம் 1. ஆனால் 5 லீற்றர் கானில 3.8 லீற்றர், முதல் நாளே 1.2 லீற்றர் காத்து, இப்ப அரைவாசிக்கு மேல காத்து. தட்டையும் தொட்டுப் பாத்தன், மத்தியானம் 2 மணிக்குத் தண்ணி வைச்சு தேமோமீற்றரை விட்டால் 36 காட்டுது.

இன்னும் ரெண்டு கேள்வி. லைற்றருக்கு அடிக்கிற காஸை போத்தலுக்க அடிச்சுப்போட்டு மூடினால் காத்து வெளிய போகுமாம், உண்மையோ? மற்றது, நிறம் மாறினால் மருந்து செத்துது எண்டுதானே அர்த்தம், அப்ப நிறம் மாறாட்டி நம்பலாமோ? இன்னொருக்கா ஒரு தேரை இழக்க ஏலாது.

ரசாயன ரீச்சர் (வட்டுக்கோட்டை):

பியூற்றேன் காத்தை விட ரெண்டு மடங்கு பாரம், அதால மருந்துக்கு மேல படுத்துக்கொள்ளும், உண்மை. பாவிக்கிற ஆக்களும் இருக்கினம். ஆனால் உங்கட பாத்ரூமுக்க கரண்ட் போய் ஒராள் மெழுகுதிரியோட வந்தால்? நான் சொல்ல மாட்டன். சின்னப் போத்தலில முட்ட நிரப்பினால் அதுக்குத் தேவையே இல்ல. சிலபேர் வாயால ஊதி மூடுவினம், அதுவும் வேண்டாம், எங்கட மூச்சில ஒட்சிசன் இன்னும் நிறையக் கிடக்கு, காபனீரொட்சைட்டு வேற காரத்தோட தாக்கும்.

நிறத்தை நம்பாதேங்கோ, ரெண்டு பக்கமும் ஏமாத்தும். ரொடினல் எண்ட டெவலப்பர் 1891ல இருந்து இருக்கு, அது கோப்பி மாதிரிக் கறுத்தாலும் வருசக்கணக்கா நிண்டு வேலை செய்யும். மற்றப் பக்கம் எக்ஸ்ரோல், விற்றமின் சி சாதி, அது பச்சைத்தண்ணி மாதிரி இருந்துகொண்டே ஒருநாள் திடீரெண்டு செத்துப்போகும், இரும்பு செம்பு கலந்த தண்ணி எண்டால் இன்னும் கெதியா. டி-76 இன்னொரு கூத்து, வைச்சிருக்க வைச்சிருக்க காரத்தன்மை கூடி முதல்ல கொஞ்சம் உசாராகும், பிறகுதான் விழும்.

அதால ஒவ்வொரு தரமும் பிலிம் துண்டு வைச்சுப் பாக்கோணும். றோலின்ர வெளிநாக்கு, எப்பிடியும் வெளிச்சம் பட்டதுதானே, வெட்டி எறியிற துண்டு. அதில ஒரு விரலளவு எடுத்து பகல் வெளிச்சத்திலயே ஒரு கிளாஸில கொஞ்ச மருந்துக்க போட்டால் ரெண்டொரு நிமிசத்தில கறுக்கோணும். மண்ணிறமா நிண்டால் றோலைப் போடாதேங்கோ. கறுத்த துண்டு ஒண்டை பிக்ஸ் பண்ணிக் கழுவிக் காயவைச்சுப் போத்தலோட கட்டி வைச்சால் அடுத்தமுறை ஒப்பிடலாம், பேப்பர் எழுத்துக்கு மேல வைச்சு எவ்வளவு மறைக்குதெண்டு பாருங்கோ.

பிக்ஸருக்கும் அதே நாக்குத்தான், கழுவாத துண்டு. புது பிக்ஸரில பால் நிறம் போய்த் தெளிய எத்தினை செக்கன் எண்டு எழுதி வையுங்கோ. அது ரெண்டு மடங்கானால் பிக்ஸருக்கு விடை குடுக்கலாம்.

கறுப்புக்கோப்பி (பருத்தித்துறை):

ஒருத்தரும் சொல்லேல்ல, நான் சொல்லுறன். மருந்தைச் சேமிக்கிறது பிரச்சினை எண்டால் சேமிக்காத மருந்தைப் பாவிக்கலாமே? கபெனோல். இன்ஸ்ரன்ற் கோப்பித்தூள், வோஷிங் சோடா, விற்றமின் சி. 1995ல அமெரிக்காவில ரொச்செஸ்ரரில ஒரு வாத்தியாரும் மாணவரும் கோப்பியில பிலிம் கழுவிக் காட்டினது, அதில இருந்து வளந்தது. ஒரு லீற்றருக்கு தண்ணியில்லாத வோஷிங் சோடா 54 கிராம், விற்றமின் சி 16 கிராம், கோப்பி 40 கிராம், 20 பாகையில 15 நிமிசம். கலந்தால் அண்டைக்கே பாவிச்சு ஊத்தோணும், அடுத்த நாள் ஒண்டுக்கும் உதவாது. ஆனால் மூண்டும் தூளா தனித்தனிய ஈரம் படாமல் இருந்தால் கெடாது. ஆரும் கனடாவில இருந்து வரும்வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. எங்கட வீட்டில வறுத்து இடிச்சுக் குடிக்கிற கோப்பி இல்ல, உடன கரையிற தூள்தான் வேணும், மலிவானதே போதும்.

நாத்தம் மட்டும் தாங்கோணும். நான் கழுவினால் பக்கத்து வீட்டு ஆச்சி ஜன்னல் சாத்துவா.

குளிர்நாட்டான் (ஸ்காபரோ):

ரீச்சர் சொன்ன பிறகு என்ர அக்கோடியன் போத்தலைத் திறந்து மணந்து பாத்தன், ஒண்டும் சொல்ல விரும்பேல்ல. 😅 தம்பிக்கு 1 லீற்றர் பக்கெற் 4 கொண்டுவாறன், மார்கழியில வாறம். எச்.சி-110 எண்டு பாகு மாதிரி டெவலப்பர் ஒண்டு இருந்தது, பழையது தண்ணியே இல்லாதது, திறந்து வருசக்கணக்கா நிண்டது. இப்ப வாறது தண்ணிப்பதம், அது பழையதுபோல நிக்குமோ எண்டு ஆக்கள் சண்டை பிடிக்கினம். திரவம் பெட்டியில கொண்டுவாறதும் தலையிடி. தூள்தான் சரி.

ஸ்டூடியோ அப்பு (மானிப்பாய்):

ஒண்டு மறந்துபோனன். செத்த மருந்தை எங்க ஊத்தினீர் தம்பி? பாத்ரூம் தண்ணி போற குழியோ? உங்கட கிணறு எவ்வளவு தூரம்? எங்கட சுண்ணாம்புக்கல்லுக்கு ஓட்டை ஆயிரம், மேல ஊத்தினது கீழ போய் நிக்கும். சுன்னாகப் பக்கம் கிணத்துக்க எண்ணெய் வந்து சனம் பட்டது காணாதே.

டெவலப்பர் கொஞ்சம் எண்டால் நிறையத் தண்ணியோட கலந்து கிணத்துக்கு எதிர்ப்பக்கத்து மூலையில, பயிர் இல்லாத இடத்தில. பாவிச்ச பிக்ஸர் கூடவே கூடாது, அதுக்க வெள்ளி கிடக்கு. அதை ஒரு பழைய கானில சேத்து வையும். சட்டி தேய்க்கிற இரும்புத் தும்பு ஒரு உருண்டை அதுக்க போட்டு ஒண்டு ரெண்டு கிழமை விட்டால் இரும்பு கரைஞ்சு வெள்ளி கறுப்புச் சேறா அடியில நிக்கும். அந்தக் காலத்தில எங்களிட்ட உந்தச் சேறு வாங்குறதுக்கெண்டே நகைப் பட்டறைக்காரர் வருவினம். உம்மட மாசம் நாலு றோலுக்கு ஒரு மூக்குத்தியும் வராது, ஆனால் கிணறு தப்பும்.

நிழல்பெட்டி (திருநெல்வேலி):

9 கிழமைக்குப் பிறகு வாறன், மன்னிக்கோணும், சோதினை இருந்தது.

செய்தது இதுதான். 1 லீற்றர் பக்கெற்றை கராச்சில வாங்கின பற்றறித் தண்ணியில முழுக்கக் கரைச்சன். பாமசியில 100 மில்லிலீற்றர் மண்ணிறச் சிறப் போத்தல் 12 கேட்டு வாங்கினன், அந்த அண்ணை என்னை ஒருமாதிரிப் பாத்தவர். ஒன்பதரைப் போத்தல் வந்தது, முட்ட நிரப்பினால் 100க்கு மேல பிடிக்குது. ஒரு றோலுக்கு ரெண்டு போத்தல், அதோட அதேயளவு தண்ணி, 1:1 ஆக் கலந்து பாவிச்சுப்போட்டு எறியிறது. அரைவாசிப் போத்தல் எண்ட கதையே இல்ல. ஒரு 36 படச் சுருளுக்கு கொடாக் 236 மில்லிலீற்றர் டி-76 சொல்லுது, எனக்கு அவ்வளவு இல்லாதபடியால் நேரத்தை 10 சதவீதம் கூட்டிக் கழுவுறன். எச்.பி.5க்கு 20 பாகையில 11 நிமிசம் எண்டதை 12 நிமிசம் சொச்சம்.

ரீச்சர் சொன்ன நாக்குத்துண்டுச் சோதினைக்காக வேணுமெண்டே மூண்டு விதமா வைச்சனான். முட்ட நிரப்பின போத்தல் ஒண்டு அப்புவின்ர பானைக்க, முட்ட நிரப்பினது இன்னொண்டு அதே பாத்ரூம் தட்டில, மிச்ச அரைப் போத்தலை ஒரு சின்ன பிளாஸ்ரிக் போத்தலுக்க அரைவாசி காத்தோட அதே தட்டில, ரெண்டு நாளைக்கு ஒருக்காத் திறந்து மூடி.

நேற்றுத் திறந்து பாத்தன். பானைக்க இருந்தது தண்ணி மாதிரி, துண்டு ஒண்டரை நிமிசத்தில கறுத்தது. தட்டில இருந்த கண்ணாடிப் போத்தல் லேசா எலுமிச்சை மஞ்சள், ஆனால் துண்டு அதே நேரத்தில கறுத்தது, பேப்பர் எழுத்துக்கு மேல வைச்சுப் பாத்தால் ரெண்டு துண்டுக்கும் வித்தியாசம் என்ர கண்ணுக்குத் தெரியேல்ல. பிளாஸ்ரிக் போத்தல் பழையபடி பிளேன்ரீ, துண்டு நாலு நிமிசத்துக்குப் பிறகும் மண்ணிறம். நான் இவ்வளவு நாளும் வெக்கையைத் திட்டினது சும்மா, காத்துத்தான் கள்ளன். அப்பு, ரெண்டு மாசம் சாக்கு நனைச்சது வீணோ எண்டு கேக்க வேண்டாம், கழுவுற தண்ணியை 30ல இருந்து 25க்கு இறக்க அந்தப் பானைதான் உதவினது, மிச்சம் ஐஸ்.

பிக்ஸர் இப்ப 500 மில்லிலீற்றராத்தான் கலக்கிறன், போத்தலில கோடு கீறுறன், 3 கோடு வந்திட்டுது, தெளியிற நேரம் 40 செக்கன், புதுசில 35. பழைய பிக்ஸர் கானுக்க இரும்புத் தும்பு கிடக்கு, சேறு இன்னும் பாக்கேல்ல.

மழை துடங்கீட்டுது. நேற்று முழுக்க முற்றத்தில அண்டா வைச்சுப் பிடிச்சன், 11 லீற்றர் வடிச்சு மூடியாச்சு. பானையை அம்மா எடுத்து கற்பூரவள்ளி நட்டிட்டா, சோளகத்துக்குத் திருப்பித் தருவாவாம்.

ஸ்டூடியோ அப்பு (மானிப்பாய்):

தரமாட்டா. புதுசு ஒண்டு வாங்கும்.